முதுகில் தைத்த எண்

1

இந்தக் கதையை நான் காசு கொடுத்து வாங்கினேன். நயத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு கடையில், விலைச்சீட்டோடு, பையில் போட்டு வாங்கினேன். மெக்சிகோ நகரத்தில், புவேனாவிஸ்தா ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய துணிக்கடை. கறுப்பு ஜீன்ஸ் துணியில் ஒரு ஜாக்கெட். முதுகில் கோணல்மாணலான வெள்ளை எழுத்தில் ‘புல்கா’ என்று ஒரு பெயர், அதன்கீழ் ஒரு தேதி, அதற்கும் கீழே பத்து இலக்கத்தில் ஓர் எண். கத்திப் பாடுகிற ஏதோ ‘பங்க்’ இசைக்குழுவின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தோரு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். தள்ளுபடி போட்டிருந்தான்.

(எண்ணை எழுதப் போவதில்லை. வருகிற இடத்திலெல்லாம் [எண்] என்று மட்டும் போடுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் துணிச்சல் வந்தால்.)

2

முதலில் எழுதிய தொடக்கம், பிறகு அடித்துவிட்டேன்:

மெட்ரோ படிக்கட்டில் ஏறும்போது, முன்னால் போன பணக்காரப் பெண்ணின் முதுகில் யாதிரா தன் முதுகையே பார்த்தா—

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். பணக்காரப் பெண் ஒருத்தி வந்துவிட்டால் வாசகர் உடனே கோபப்படுவார், எனக்கும் வேலை சுலபம். யாதிரா அந்த ஜாக்கெட்டை முதலில் பார்த்தது என் முதுகில்.

நான் எம்பிராய்டரி மெஷின் மெக்கானிக். திருப்பூரில் கற்ற தொழில், இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் சோறு போடுகிறது. பெயர் அந்தோணிராஜ். ஞாயிறு பூசைக்குத் தவறாதவன். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த எவனுக்கும் இங்கே ‘இந்து’ என்றுதான் பெயர், எனக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

3

திங்கட்கிழமை காலை. தோன் எஃப்ரென் என்ற பெரியவரின் பட்டறையில் மூன்றாம் நம்பர் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள் யாதிரா. முப்பத்திரண்டு வயது, தலையில் ஒரு பக்கம் மழித்திருப்பாள். ஒரு படத்தைக் கொடுத்தால், எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும் என்று மெஷினுக்குப் புரியும்படி வரைந்து தருவாள்.

“ஏ இந்து, திரும்பு.”

“என்னாச்சு?”

“திரும்புன்னு சொன்னேன்ல.”

என் தோளைப் பிடித்து அவளே திருப்பினாள். முதுகில் அவள் கட்டைவிரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

“எங்க புடிச்ச இத?”

“கடையில.”

“எத்தனை இருந்துச்சு?”

“ஒரு கம்பி நெறைய. எல்லா சைஸும் இருக்கு. உனக்கும் ஒண்ணு வேணுமா?”

அதற்காக என் நாக்கில் சூடு வைத்தாலும் தகும். அவள் போய், ஆணியில் தொங்கிய தன் ஜாக்கெட்டை எடுத்து வந்து என்னுடையதன் பக்கத்தில் பிடித்தாள். அதே பெயர், அதே தேதி, அதே [எண்]. அவளுடையது கையால் பெயிண்ட் அடித்த துணி, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் தைத்தது. அந்த நூல் லேசில் அறாது என்பதால் பங்க் கூட்டத்தார் அதில்தான் தைப்பார்கள். இரண்டாம் இலக்கத்தின் கீழே பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்திருந்தது. கடை ஜாக்கெட்டில் அந்தச் சொட்டையும் வெள்ளை நூலால் அச்சு அசலாகத் தைத்திருந்தார்கள்.

“நாய்ப்பயலுங்க,” என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4

[இந்த இடத்தில் கட்டுரை எழுத ஆசை வருகிறது. பாதி எழுதி நிறுத்தியதை அப்படியே விடுகிறேன்.]

ஜீன்ஸ் கிழிந்தால் தைக்க நூல் இல்லாதவன் ஊக்கு குத்தினான். ஊக்கு குத்தியவன் கிடார் எடுத்துக் கத்தினான். கத்தியது ஊருக்குப் பிடிக்கவில்லை, ஊக்கு பிடித்தது. திருப்பூரில் நான் சேர்ந்த முதல் கம்பெனியில் புது ஜீன்ஸை உப்புத்தாளால் தேய்த்துக் கிழிப்போம். முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்க வேண்டும் கிழிசல். அரை அங்குலம் தப்பினால் பீஸ் ரிஜெக்ட். யாருடைய முழங்கால் முதலில் கிழிந்தது, ஏன் கிழிந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால்—

போதும். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான் என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

5

புல்கா என்றால் தெள்ளுப்பூச்சி. ஐந்தடிகூட இல்லாத பெண். பாடும்போது மேடையில் நிற்கமாட்டாள், குதித்துக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். யாதிரா டிரம்ஸ் வாசித்த ‘சனிக்கிழமைச் சலவை’ என்ற குழுவில் அவள் பாடகி. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஒத்திகை முடிந்து நேசாவில் இருக்கும் வீட்டுக்கு மினிபஸ் ஏறினாள். வீடு போய்ச் சேரவில்லை. போலீஸ் காகிதம் நிரப்பியது. கம்பங்களில் ஒட்டிய படங்களை மழை கரைத்தது.

“சுவருல ஒட்டுனா கிழிச்சிடுவான். முதுகுல ஒட்டுனா எவன் கிழிப்பான்?” என்று கேட்டவள் யாதிராதான். குழுவினர், நண்பர்கள் என்று ஆறு பேர் தங்கள் ஜாக்கெட் முதுகில் எழுதித் தைத்துக்கொண்டார்கள். குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புல்காவின் பெயர், காணாமல் போன தேதி, அவள் வீட்டுத் தொலைபேசி எண்.

சனிதோறும் சோப்போ சந்தைக்கு அதைப் போட்டுக்கொண்டு போவார்கள். பழைய இசைத்தட்டைக் கொடுத்து வேறு இசைத்தட்டு வாங்குகிற, பங்க் கூட்டத்தாரும் மெட்டல் இசைக்காரர்களும் முட்டிக்கொண்டு திரிகிற சந்தை அது. அங்கே நல்ல கேமராவோடு வந்த ஒருவன், “முதுகைப் படம் எடுத்துக்கலாமா?” என்று யாதிராவிடம் கேட்டான்.

இந்த வாக்கியத்தை ஐந்து முறை மாற்றி எழுதிவிட்டேன். அவன் திருட்டுத்தனமாக எடுத்தான் என்றால் கதைக்கு நல்லது. ஆனால் அவன் கேட்டான், அவள் சம்மதித்தாள். எண் தெளிவாக விழட்டும் என்று முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பத்துப் பேர் பார்ப்பார்களே என்ற நப்பாசை.

6

புதன்கிழமை யாதிரா நேசாவுக்குப் போனாள், புல்காவின் அம்மா தோன்யா ஓஃபேலியாவிடம் மன்னிப்புக் கேட்க. கடைக்காரர்களிடம் சண்டை போட்டாவது எல்லா ஜாக்கெட்டையும் எடுக்கவைப்பது என்று முடிவு செய்திருந்தாள். அந்த அம்மாள் சமையலறையில், இங்கே கறியாகச் சமைக்கிற சப்பாத்திக்கள்ளி மடலை நறுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் தொலைபேசி. கூப்பிடுபவரின் எண்ணைக் காட்டாத பழைய கருவி. இரண்டு வருடமாக அதை விட்டு அவர் வெளியூர் போனதே இல்லை.

“அம்மா, என்னாலதான். நான்தான் போட்டோவுக்கு நின்னேன்.”

“உக்காரு கண்ணு. சாப்டியா?”

“போன் வருதா?”

“வராம? பூரா வெட்டிப் பசங்க. ஒருத்தன் பீட்சா கெடைக்குமான்னான். எந்த பீட்சா வேணும்னு கேட்டேன். போன வெக்க மனசு வரல.”

“எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிடறேன்மா. நாளைக்கே.”

அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். “எடுக்கக் கூடாது.”

“அம்மா?”

“ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு போன் வந்துச்சு. பேசல. மூச்சு மட்டும் கேட்டுது. ‘நீதானாடி?’ன்னேன். வெக்கல. ‘அம்மாதான்டி, பேசு’ன்னேன். தொண்டைய அடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம்தான் வெச்சா.”

வைத்தாள் என்றார், வைத்தார்கள் என்று சொல்லவில்லை. யாதிரா அதைக் கவனித்தாள், மறுநாள் காலை என்னிடம் சொன்னாள்.

“எந்த ஊர்லயோ, எவ முதுகுலயோ பாத்திருக்கா. நீங்க ஆறு பேரு நடந்து போக முடியாத எடத்துக்கெல்லாம் அந்தக் கடை போகுது கண்ணு. திருடன்தான், இருக்கட்டும். ஏம் பொண்ணு நம்பர சொமந்துக்கிட்டுப் போறான்ல?”

யாதிரா அந்த மூச்சை நம்பினாளா? தெரியவில்லை. அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு.

7

வியாழக்கிழமை காலை தோன் எஃப்ரெனுக்கு ஆர்டர் வந்தது. அதே ஜாக்கெட், இரண்டாம் சுற்று, நாலாயிரம் பீஸ், வடக்கே எல்லை ஊர்களுக்கு. முதல் சுற்று வேறெங்கோ தைத்தது. கூடவே ஒரு குறிப்பு: எண் உண்மையான எண் என்று புகார் வந்திருக்கிறது, கடைசி இலக்கத்தை மாற்றவும்.

“ஏழ ஒண்ணாக்கிடு யாதி. மேல ஒரு கோடுதானே, அழிச்சா முடிஞ்சுது.”

“அது யாரு நம்பர்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்மா. ஆணியில தெனம் நீ மாட்டறத பாக்கறேன்ல? எனக்கும் பொண்ணுங்க இருக்கு.” பெரியவர் நெற்றியைத் தேய்த்தார். “ஆனா பதினோரு பேரு இங்க சாப்பிடறாங்க. பழைய நம்பரோட ஒரு பீஸ் வெளிய போச்சுன்னா, அடுத்த ஆர்டர் கெடையாது. உன்ன நான் வெச்சுக்க முடியாது. சொல்லிட்டேன்.”

அந்த எண் எந்த முதுகிலும் இருக்கக் கூடாது என்று திங்கட்கிழமையன்று அவளே கேட்டிருப்பாள். இன்றைக்கு அவளால் முடியவில்லை. திரையில் அந்த ஏழு பெரிதாக நின்றது. ஒரு கோடு. அதை அழித்தால், எங்கோ ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி யாரோ ஒருவர் முதுகைப் பார்த்து எண்ணை மனப்பாடம் செய்து, தவறான வீட்டைக் கூப்பிடுவாள்.

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

நான் மூன்றாம் நம்பர் மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஊசி இறங்கியது. முதல் பீஸ் என் கண்ணெதிரே வளர்ந்தது. பெயர், தேதி, சொட்டு. கடைசியில் ஏழு. ஏழேதான். தலையைத் தூக்கினேன். யாதிரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

8

முடிவு ஒன்று: யாதிரா பயந்துபோய் மெஷினை நிறுத்தி, கோட்டை அழிக்கிறாள். (சரியில்லை. அவள் பயப்படுகிறவள் அல்ல.)

முடிவு இரண்டு: தோன் எஃப்ரென் பார்த்தும் பார்க்காததுபோல் விடுகிறார். (இப்படி எழுதினால் நானே அழுதுவிடுவேன். ஆனால் பதினோரு பேர் சோறு விளையாட்டல்ல.)

முடிவு மூன்று: தொலைபேசி மீண்டும் அடிக்கிறது, தோன்யா ஓஃபேலியா எடுக்கிறார், மறுமுனையில்—

இதை எழுத எனக்கு அருகதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த எண்ணைக் கூப்பிட்டது நான்.

பூசை முடிந்து வந்து, ஜாக்கெட்டைக் கட்டிலில் விரித்து, சும்மா அடித்துப் பார்த்தேன். பாட்டு ஏதாவது ஓடும், விளம்பரம் வரும் என்று நினைத்தேன். ஒரே மணியில் எடுத்தார்கள். “நீதானாடி?” என்று ஒரு குரல். தவறான எண் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அம்மாதான்டி, பேசு” என்று அந்தக் குரல் சொன்னதும் என் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏதோ சத்தம் வந்தது. வைத்துவிட்டேன். மறுநாள் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அவ்வளவு மடையன், அல்லது அவ்வளவு கல்நெஞ்சன். இரண்டில் எது என்று எழுதி எழுதிப் பார்த்தும் தெரியவில்லை.

யாதிராவிடம் சொல்லவில்லை. அந்த அம்மாளிடமும் சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில், உங்களிடம் சொல்கிறேன். இதற்குப் பெயர் ஒப்புக்கொள்வதல்ல என்று எனக்கும் தெரியும்.

9

தோன் எஃப்ரென் முதல் பீஸைக் கையில் எடுத்தார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், கோணல் எழுத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்து, உங்கிட்ட பழசு இருக்குல்ல? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. மாறியிருக்கா?”

மாறியிருக்கிறது என்று நான் பொய் சொன்னால் நாலாயிரம் முதுகுகள் வடக்கே போகும். ஓர் அம்மாள் என் மூச்சை நம்பிக்கொண்டு அந்தச் சுவரருகே உட்கார்ந்திருப்பார். ஒருவேளை, ஒரே ஒரு வேளை, உண்மையான அழைப்பும் வரலாம். மாறவில்லை என்று உள்ளதைச் சொன்னால் இப்போதே யாதிரா ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: ஞாயிற்றுக்கிழமை கேட்ட மூச்சு என்னுடையது என்பது. அதைச் சொல்ல எனக்கு ஸ்பானிஷ் தாராளமாகத் தெரியும்.

“என்னப்பா, நாக்கு போச்சா?” என்றார் பெரியவர். யாதிரா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊசி இரண்டாவது பீஸைத் தொடங்கியிருந்தது.

அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் சரியாக இருக்கும், எல்லா சைஸிலும் வந்தது. பதிலை நீங்களே சொல்லுங்கள்.

எண்ணை மட்டும் தரமாட்டேன். கூப்பிட்டுவிட்டு, நீங்களும் பேசாமல் வைத்துவிடுவீர்கள்.