சரிபார்த்தவர்: தாணுமாலையன்

டிராயிங் அச்சடிக்கும் பிளாட்டர் மெஷின் தாளை உருட்டி உருட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தொங்குபாலத்தின் கம்பிவடங்கள் வந்தன, பலகைகள் வந்தன, கைப்பிடித் தூண்கள் வந்தன. கடைசியாகக் கீழ் வலது மூலையில் பெயர்க் கட்டம் வந்தது. ஷில்பா குனிந்து பார்த்தாள்.

வரைந்தவர்: ஷில்பா. சரிபார்த்தவர்: தாணுமாலையன். அந்தப் பெயருக்கு மேலே நீல மையில் சாய்வான கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் மேலே தூக்கிக்கொண்டு.

ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அந்தக் கையெழுத்தைத் திரையில் அவளே அழித்திருந்தாள்.

தாணுமாலையன் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

நாற்காலிக்குத் திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தாள். அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பிரிண்ட் கொடுத்தாள். மெஷின் முனகியது, தாள் இறங்கியது, கையெழுத்தும் இறங்கியது. மை காயாமல் பளபளத்தது. யாரோ இப்போதுதான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போனதுபோல இருந்தது.

பகல் பதினொன்றரை மணிக்கே தம்பானூர் இருட்டிக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லாட்ஜுக்கு மேலே இரண்டாம் மாடியில் அந்த டிராயிங் ஆபீஸ். மூன்று மேசைகள். ஜன்னலோரத்து மேசையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. மழைக்காற்று அடிக்கும்போதெல்லாம் அதன் சுழல்நாற்காலி மட்டும் அரைவட்டம் திரும்பி நிற்கும்.

ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தாள்.

"மக்ளே, நான் தாணு சாருக்க வீட்டுலேருந்து சரஸ்வதியம்மாள் பேசுகேன்."

தாணுமாலையனின் மனைவி. பாலம் கட்டிய காண்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டானாம். திங்கட்கிழமை விசாரணைக்குத் தாணு சார் வந்தாக வேண்டும் என்றானாம். அவர் போய்ச் சேர்ந்து மாதக்கணக்காகிறதே என்று அம்மாள் சொன்னதும் அவன் சிரித்திருக்கிறான். ஜனவரி மாதம் டிராயிங் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, தாள் என் முன்னால்தான் இருக்கிறது என்றிருக்கிறான்.

அம்மாள் வீட்டில் எங்கோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"எடுத்துட்டுப் போனதை நான் பாக்கலியா மக்ளே? பாத்தேன். எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்கேன்." குரல் தாழ்ந்தது. "அவ்வோ அங்க வாறாவளா?"

"இல்லம்மா," என்றாள் ஷில்பா. சொல்லும்போதே கண் ஜன்னலோரத்துக்குப் போனது. நாற்காலி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தபடி நின்றது.

நேரே முதலாளி அறைக்குள் போனாள். ஆனந்தகிருஷ்ணன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர், பேச்சு எப்போதும் தணிந்தே வரும். கையெழுத்து அழிய மாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. அது டிராயிங்கில் இல்லை, பெயர்க் கட்டத்தோடு சர்வரில் உள்ள ஃபிரேமில் இருக்கிறது, திரையில் அழித்தாலும் எந்த டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்தாலும் அந்த ஃபிரேமும் கூடவே வரும் என்றார். தாணு இருந்த காலத்திலேயே நேரத்தை மிச்சம் பிடிக்க ஸ்கேன் பண்ணிப் பதித்ததாம். அப்புறம் யாரும் மாற்றவில்லையாம்.

ஏழு மாதத்தில் நாற்பத்தொரு டிராயிங் போயிருக்கிறது. நாற்பத்தொன்றையும் செத்த மனுஷன் சரிபார்த்திருக்கிறார்.

அந்த ஆபீசுக்கு ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை யாரும் புதிதாக வரைவதில்லை. கம்ப்யூட்டரில் ஆயத்தமாக ஒரு படம் இருக்கும்: ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு நட். அதை எடுத்து ஒட்டிவிட வேண்டியதுதான். ஆடுகிற, அதிர்கிற இடமென்றால் முதல் நட் கழலாமலிருக்க அதன்மேல் இரண்டாவதாக ஒரு லாக் நட் வேண்டும். அதைத் தாணுமாலையன் பிரிண்டைப் பார்க்கும்போது சிவப்புப் பென்சிலால் போட்டுக் கொடுப்பார், இவர்கள் திருத்துவார்கள். அவர் பிடித்துவிடுவார் என்பதால் வேறு யாரும் அதை நினைப்பதே இல்லை. அவர் போனபின் சிவப்புப் பென்சில் வரவில்லை. கையெழுத்து வந்துகொண்டிருந்ததால் பென்சில் வராதது யாருக்கும் உறைக்கவில்லை.

கல்லாற்றில் ஒரு ரிசார்ட்டுக்காகத் தொங்குபாலம் வரைந்தது ஷில்பாதான். தூணுக்குத் தூண் ஒற்றை நட். ஐந்து மாதம் ஆட்கள் நடந்து நடந்து பாலம் ஆடியதில் ஒரு நட் புரி புரியாகக் கழன்றிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தூண் சாய்ந்து, கொல்லத்திலிருந்து வந்த ஒருவர் பாறையில் விழுந்து செத்துப்போனார். நட்டை முறுக்கிய ஃபிட்டரைப் போலீஸ் இரண்டு நாள் உட்கார வைத்து அனுப்பியிருந்தது.

இரண்டாவது நட்டைச் சேர்க்கும்படி காலையிலேயே ஆனந்தகிருஷ்ணன் சொல்லியிருந்தார். அவளும் சேர்த்துவிட்டாள். தாணு சார் பெயரையாவது இதில் இழுக்காமல் விட்டுவிடலாம் என்றுதான் கையெழுத்தை அழிக்கப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும், நல்லதுதான்," என்றார் அவர். "தேதியை மட்டும் போன அக்டோபர்னு மாத்திடு. அப்போ தாணு இருந்தார், கேட்டோ."

"காண்ட்ராக்டர் கையில ஜனவரி தாள் இருக்கே சார்."

"அதையும் மாத்தியாறது. அவனுக்கும் நம்ம கதிதானே. இனி பாக்கி ஃபிட்டர் கையில உள்ள ஒண்ணுதான். தாசையனைக் கூப்பிட்டிருக்கேன், கொண்டு வருவான்."

"அவர் ஜெயிலுக்குப் போவாரு சார்."

ஆனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரைந்தவர்னு அதுல யார் பேர் இருக்கு, பாத்தியோ?"

அவள் வெளியே வந்து உட்கார்ந்தாள். மாதத்தையும் வருஷத்தையும் அழித்து நாலு எண்களைத் தட்டினாள். அவ்வளவுதான். தாணுமாலையன் உயிரோடு எழுந்து வந்துவிட்டார். பிளாட்டர் முனகியது.

ஒரு மணிக்குத் தாசையன் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் நிமிராமலே போயிருந்தன. பிரிண்டை நாலாக மடித்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருந்தார். ஆற்று மண்ணும் கிரீசும் அப்பிய தாள். ஆனந்தகிருஷ்ணனே எழுந்து வந்து, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கவரோடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

தாசையன் நுனி நாற்காலியில் உட்கார்ந்தார். போலீசில் கட்டன்சாயாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, சொந்தக்காரன் வீட்டில்கூட இத்தனை கிடைக்காது என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"ஒத்த நட்டுதான் மோளே. படத்துல உள்ளதைத்தான் நான் செய்தேன். முப்பத்தாறு போல்ட்டு, முப்பத்தாறு நட்டு. திங்கக்கிழமை அந்தத் தாளை விரிச்சுக் காட்டினா போரும், விட்டுருவாவ."

அறைக்குள்ளிருந்து காகிதம் அரைக்கும் மெஷினின் சத்தம் வந்தது. கொஞ்ச நேரந்தான். நின்றுவிட்டது.

கதவு திறந்தது. ஆனந்தகிருஷ்ணன் ஷில்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் புதுத் தாளை எடுத்து நீட்டினாள். பழையது மண்ணில் சரியாகத் தெரியவில்லை, அதனால் சார் வேறொன்று எடுத்துத் தருகிறார் என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

தாசையன் மேசைமேல் தாளை விரித்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குக் கூட்டிப் படிக்க வராது. படம் படிப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வளைந்த விரல் தூணில் தொட்டு, அடித்தகட்டில் இறங்கி, போல்ட்டில் வந்து நின்றது. வாஷர். நட். அதன்மேல் இன்னொரு நட். விரல் அடுத்த தூணுக்குப் போனது. அங்கேயும் இரண்டு. முழுத் தாளையும் அப்படியே தடவிவிட்டு முதல் தூணுக்கே திரும்பி வந்தார்.

"இதுல ரெண்டு இருக்கே."

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அந்த நட்டின்மேலேயே வைத்தார்.

"எனக்கு ஒண்ணுன்னுதான் ஓர்மை."

விரல் மெல்ல நகர்ந்து கீழ் வலது மூலைக்குப் போனது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த மேல்நோக்கிய வாலை அவருக்குத் தெரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு சைட்டிலும் பார்த்தது.

"இது தாணு சாருக்க ஒப்பு இல்லியா? அவரு பாத்ததா மோளே?"

மழை ஜன்னலில் அறைந்தது. ஆனந்தகிருஷ்ணன் கதவு நிலையில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றாள் ஷில்பா.

தாசையன் நெடுநேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்தார். முகத்தில் இருந்த பிடிவாதம் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது.

"அவரு பாத்ததுன்னா தப்பு வராது. ஒரு வாஷர் குறைஞ்சாலும் விடமாட்டாரு." மோவாயைத் தடவிக்கொண்டார். "அப்போ நான்தான் விட்டிருக்கேன். முப்பத்தாறு நட்டு. நானாக்கும் அந்த ஆளைக் கொன்னது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் ஷில்பா. ஆனந்தகிருஷ்ணன் கை நீட்ட, மைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். தாளைக் கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு ரசீதில் அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார் ஆனந்தகிருஷ்ணன். திங்கட்கிழமை மறக்காமல் கொண்டுபோக வேண்டும் என்றார். தாசையன் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஷில்பா ஜன்னலுக்குப் போனாள். கீழே பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. தாசையன் சாலையோரத்தில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தாளைச் சுருட்டி உள்ளே நெஞ்சோடு அணைத்து வைத்தார். பொத்தானை மறுபடி போட்டு, இரண்டு கையையும் அதன்மேல் கட்டிக்கொண்டு, கூனிக் குறுகி மழைக்குள் இறங்கினார். தலையில், முதுகில், கழுத்தில் தண்ணீர் கொட்டியது. அந்தத் தாளின்மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல் அவர் சாலையைக் கடந்து போனார்.