கிணற்றோரத்து எர்த்

ஸ்ரீரங்கனின் கணக்கு ஒருபோதும் தப்பியதில்லை என்பதுதான் அவர் மனைவி ஜலஜாவுக்குப் பெரிய கஷ்டம். தப்புகிற மனிதராக இருந்தால் ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லிக் காட்டலாம். அவர் பிழைப்பே கணக்குதான். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில், எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று முன்கூட்டிக் கணிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அப்பேர்ப்பட்டவர் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கத் தீர்மானித்தால் என்ன ஆகும்? ஐந்து வருஷம் ஆகும்.

பெட்டி என்றால் ஒன்றல்ல. சி.டி.யைச் சுழற்ற ஒன்று, அதில் எண்களாக இருப்பதைச் சங்கீதமாக மாற்ற இன்னொன்று, ஒலியைப் பெருக்க ஆம்ப்ளிஃபையர் என்று மூன்றாவது. எல்லாம் சீமைச் சரக்கு. தி. நகர் கடைக்காரர் முதலில் சொன்ன விலைக்கு அன்றைக்குத் திருவான்மியூரில் அரை கிரவுண்ட் நிலமே வாங்கியிருக்கலாம். ஸ்ரீரங்கன் அசரவில்லை. சுங்கத் தீர்வை இறங்கும், புது மாடல் வந்தால் பழையது விலை விழும், தொண்ணூற்று மூன்று கோடையில் நமக்குக் கட்டுப்படியாகும் என்று, தொகையையும் போட்டு டைரியில் எழுதி வைத்தார். நடுவில் ரூபாயின் மதிப்பு சரிந்தபோது ஒரு வாரம் முகம் தொங்கிப் போயிருந்தது. ஆனாலும் வருஷத்தை மாற்றவில்லை.

விலை இறங்குகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று கரண்ட்டைத் தயார் செய்ய ஆரம்பித்தார். அந்த ஆம்ப்ளிஃபையர் பாட்டே இல்லாமல் சும்மா இருந்தாலும் முந்நூறு வாட் குடிக்குமாம். அபிராமபுரத்தில் சாயங்காலம் ஆனால் டியூப் லைட் எரிவதற்கே ஐந்து நிமிஷம் கண்ணைச் சிமிட்டும். ஆகவே மீட்டரிலிருந்து தனி லைன் வந்தது. அரிசி டின் உயரத்துக்கு ஸ்டெபிலைசர் வந்தது. எருமை வாங்குமுன் நெய் விலை பேசாதே என்பார்கள். இவர் எருமைக்குக் கொட்டில் கட்டி, வைக்கோலும் போட்டு முடித்துவிட்டார்.

கடைசியாக எர்த். கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க நல்ல வழி இல்லாவிட்டால் பாட்டுக்கு அடியில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தார். சாந்தோமிலிருந்து லாசர் என்ற எலெக்ட்ரீஷியன் வந்தார். எட்டடிக் குழி, அதில் செப்புத் தகடு, மேலே கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி, நடுவில் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய். கேட் பக்கம் தோண்டலாம் என்றார் லாசர். அங்கே மண் காய்ந்து கிடக்கிறது, ஈரமான மண்ணில்தான் எர்த் நன்றாக நிற்கும் என்று சொல்லி, ஸ்ரீரங்கன் கிணற்றை ஒட்டி இடம் காட்டினார். ஒரு மூட்டை உப்பு போதும் என்றார் லாசர். மூன்று போடச் சொன்னார் ஸ்ரீரங்கன். அதற்குப் பிறகு மாசா மாசம் தன் கையாலேயே இன்னும் கொஞ்சம் உப்பு. தினம் காலையில் சந்தியாவந்தனம் முடித்துவிட்டு ஒரு குடம் தண்ணீர்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டிலும் கணக்குப் பேச ஜலஜாவுக்குத் தெம்பில்லை.

டைரியில் குறித்த தொண்ணூற்று மூன்றும் வந்தது. ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். தெருமுனைக்கு விடியற்காலை லாரி வரும். அதற்கு நாலு மணியிலிருந்தே குடங்கள் வரிசை கட்டி நிற்கும். ஜலஜா மட்டும் போனதில்லை. முழங்கால் வீங்கி மாடிப்படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்த அவளுக்கு, கொல்லைக் கிணறு ஒன்றுதான் பகவான் விட்டு வைத்த சுகம். தண்ணீர் கீழே போய்விட்டது. ஆனாலும் கல்கண்டாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் குப்பம்மா தினமும் இரண்டு குடம் தன் குப்பத்துக்குக் கொண்டுபோவாள்.

மே மாதம் துவரம்பருப்பு வேக மறுத்தது. பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று மந்தைவெளிக் கடைக்காரரோடு ஜலஜா சண்டை போட்டாள். புதுப் பருப்பும் வேகவில்லை. ஒரு நாள் காப்பிக்குப் பால் திரிந்தது. பால்காரனும் திட்டு வாங்கினான். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இம்மி இம்மியாக ஏறியதால் தினம் குடிக்கிற நாக்குக்கு அது தெரியவே இல்லை.

குப்பம்மா சில நாளாகக் குடம் எடுத்துவராததைக் கவனித்து, ஏன் என்று ஜலஜா கேட்டாள். குப்பம்மா தேய்த்துக்கொண்டிருந்த தவலையை விட்டு நிமிரவில்லை.

"தண்ணி உப்பு கரிக்குதும்மா. பத்து நாளா வாய்ல வெக்க முடில. பசங்க துப்புதுங்கோ. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு கம்முனு இருந்துக்கினேன்."

ஜலஜா ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி, மருந்து குடிப்பதுபோல் மெதுவாகக் குடித்துப் பார்த்தாள். பிறகு நாலடி தள்ளி எர்த் குழியில் நின்ற அந்தக் குழாயைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கன் ஓட்டமும் நடையுமாக வந்தார். தி. நகர்க் கடைக்காரர் ஆபீசுக்கே போன் செய்திருந்தாராம். விலை இறங்கிவிட்டது. டைரியில் எழுதிய தொகைக்கும் இதற்கும் நூறு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எழுதியது என்று ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். ஜலஜா ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். வேகத்தில் பாதியை விழுங்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

"உங்க எர்த்துதான்," என்றாள். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கெட்டிக்காரர்.

மறுநாள் லாசர் வந்து தோண்டினார். கரி கரியாகவே வந்தது. உப்பில் ஒரு கல்கூட மிச்சமில்லை. எத்தனை நாளில் சரியாகும் என்று ஸ்ரீரங்கன் கேட்டார்.

"நான் அப்பவே கேட்டாண்ட போட்லாம்னு சொன்னேன் சார். உப்பெல்லாம் மண்ணுல எறங்கிட்ச்சி. நல்லா மழ பேஞ்சா ரெண்டு வருசம். இல்லாங்காட்டி, கர்த்தர் விட்ட வழி."

லாசர் போன பிறகு ஸ்ரீரங்கன் வெகுநேரம் கிணற்றடியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து டைரியைப் பிரித்தார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ஆனால் எழுதி முடித்ததும் அது கொஞ்சம் தெளிந்ததை ஜலஜா கவனித்தாள்.

"பெட்டியை இப்போ வாங்கப்போறதில்லை, ஜலஜா. கிணறு சரியாகட்டும். ரெண்டு மழைக்காலம்தானே? நான் காத்துண்டிருக்கேன். அதுக்குள்ள விலையும் இன்னும் இறங்கிடும்."

பெரிய தியாகம் செய்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அதில் கபடம் எதுவும் இல்லை. அது ஜலஜாவுக்கும் தெரியும். அதனாலேயே அவளுக்கு அசதி இன்னும் கூடியது. இருபது வருஷமாகக் காத்திருப்பது இவர், கால் கடுக்க நிற்பது நான் என்று இப்போதுதான் அவளுக்குத் தெளிவாக உறைத்தது. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை.

சமையலறையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுவந்து டைரியின் மேலேயே வைத்தாள்.

"காத்துண்டிருக்கறது உங்களுக்கு நன்னா வருமே. நாளைலேர்ந்து லாரிக்கும் நீங்களே காத்துண்டிருங்கோ. நாலு மணிக்கே போனாத்தான் இடம் கிடைக்கும். ஒரு குடம் நமக்கு, ஒரு குடம் குப்பம்மாவுக்கு. குப்பத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு ஆபீஸ் போங்கோ."

தனக்கு முதுகுவலி இருப்பதைப் பற்றி ஸ்ரீரங்கன் ஏதோ ஆரம்பித்தார். ஜலஜா விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டாள். ரெண்டு வருஷம்தானே என்று மட்டும் உள்ளிருந்து சொன்னாள்.