கேட்கக் கூடாத கேள்வி

"பத்து வயசுல என் வயித்துல இருந்து என்னத்த எடுத்தீங்கன்னு சொல்லும்மா."

தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த ராஜகுமாரியின் கை நின்றுவிட்டது. இதை மட்டும் இந்துமதி கேட்கவே கூடாது என்பது அந்தத் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டின் சட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை ஞானசீலன் வீட்டார் நிச்சயம் பண்ணக் கோத்தகிரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

"குடலிறக்கம்னு எத்தன தடவ சொல்றது? நல்ல நாளும் அதுவுமா ஏன்டி..."

"குடலிறக்கத்துக்கு ஆயுசு பூரா மாத்திரை எதுக்கு?"

எஸ்டேட்டில் கொழுந்து பறித்து அவளைக் கல்லூரியில் விலங்கியல் படிக்க வைத்தவர்களே அம்மாவும் அப்பாவும்தான். கருவியல் பாடத்தில் அவள் தன்னையே படித்தாள். முதல் சில வாரம் எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒய் குரோமோசோம் இருந்தால், அதிலுள்ள ஒரு மரபணு விந்தகத்தை உருவாக்க வைக்கும். விந்தகத்தின் ஹார்மோன் உடலை ஆணாக வளர்க்கும். அபூர்வமாகச் சில உடல்கள் அந்த ஹார்மோனுக்குச் செவி சாய்ப்பதில்லை. வெளியே பெண்ணாகவே பிறக்கும். உள்ளே கருப்பை இருக்காது, விந்தகம் இருக்கும். கோயம்புத்தூரில் தனியாகப் போய்ப் பரிசோதித்து, தன் உடலும் அப்படித்தான், பத்து வயதில் எடுத்தது விந்தகத்தை, மாத்திரை அதற்கு ஈடான ஹார்மோன் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

"புள்ளைக்குத் தெரிய வேணாம்னு டாக்டருதான் சொன்னாரு" என்று ராஜகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சடங்கையும் அவருதான் சுத்தச் சொன்னாரா? வராத ஒண்ணை வந்துருச்சுன்னு சொல்லுன்னே. ஓலைக் குடிசைக்குள்ள உக்காந்து சொன்னேன். மாமன் சீரோட வந்தாரு. அப்புறம் கேட்டா, லேட்டா வரும், உடம்பு வீக்குன்னே. உன்ன நம்பினேன்மா."

அப்பா செல்லையா சட்டைப் பொத்தானைப் போட்டபடி குறுக்கே வந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? கல்யாணம் முடியட்டும். புள்ள இல்லன்னா ஆஸ்பத்திரி பாத்துக்கலாம். ஊர்ல இல்லாததா?"

"கட்டிக்கிறவரு புள்ள வேணும்னு கோயில் கோயிலா அலையட்டும், நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க. அப்படித்தானே? அவங்க பஸ்ஸ விட்டு எறங்குனதும் நானே சொல்லிடறேன். வேணாம்னா திரும்பிப் போகட்டும். நேத்தே முடிவு பண்ணிட்டேன்."

"உன்னப் பொண்ணே இல்லன்னு சொல்லிருவாங்கடி" என்றாள் ராஜகுமாரி.

"நான் பொண்ணுதான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல. உங்களுக்குத்தான் இருந்துச்சு."

இந்துமதி ஸ்வெட்டரை மாட்டினாள்.

"கருவுல ஒரு உடம்பு எப்படி உருவானாலும் அது யாரு குத்தமும் இல்லம்மா. யாரு உடம்போ அவங்களக் கேக்காம வெட்டுறதும், வெட்டினத அவங்ககிட்டயே மறைக்கிறதும்தான் குத்தம். அதுக்குப் பாசம்னு பேரு வைக்காதீங்க."

செல்லையா வழியை விடவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் பாதையில் வேகமாக நடந்தாள்.