ரோகிணி நட்சத்திரம்

"அக்கா, தப்பா எடுத்துக்காதேங்கோ. ஆரத்தி முடியறவரைக்கும் உள்ளயே இருங்கோ," என்றாள் தம்பி மனைவி ஜெயஸ்ரீ, மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தபடி. "கொழந்தை எல்லையிலேர்ந்து உசுரோட வரான். சகுனத்தோட எதுக்கு விளையாடணும்?"

வைதேகி அடுக்களைக்குள் போனாள். கணவர் மறைந்த பதினோரு ஆண்டுகளாக, தம்பி கோதண்டபாணியின் மயிலாப்பூர் வீட்டில் அவளுக்கு இது பழகிப்போன ஏற்பாடுதான். ஆனால் இன்று வருகிறவன் ராணுவத்தில் இருக்கும் தம்பி மகன் அஸ்வத்; அவள் தோளில் உறங்கி வளர்ந்த பிள்ளை. அவன் படியேறும்போது முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே அவளுடைய ஆசையாக இருந்தது.

சென்ற மாதம் சண்டை நடந்த நான்கு நாட்களும் அவள் தான் வேலை பார்க்கும் கிண்டி அலுவலகத்தை விட்டு வீடு திரும்பவில்லை. "டைப் அடிக்கறவளுக்கு யுத்தத்துல என்ன வேலை?" என்று தம்பி கேலி செய்தான். அவள் தட்டச்சு செய்யவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எல்லையில் பிடித்து அனுப்பப்பட்ட எதிரிப் படையின் வயர்லெஸ் பேச்சைக் கேட்டு ராணுவத்துக்கு எழுதித் தந்தாள். திருவல்லிக்கேணித் தோழி புஷ்ராவிடம் கற்ற உருது, அந்த வேலையைத் தந்திருந்தது. வீட்டாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருந்தாள்.

வாசலில் கார் நின்றது. அடுக்களைச் சுவரில் சாய்ந்து அவள் காலடி ஓசையைக் கேட்டாள். இரண்டு கால்களும் சீராகவே ஊன்றின.

"பொழைச்சதே பெருசும்மா," கூடத்தில் அஸ்வத்தின் குரல். "நூர்வாலா பாலத்துக்குக் கீழ இருந்தோம். உடனே காலி பண்ணுங்கோன்னு உத்தரவு. கால் மணியில பாலமே இல்ல! எதிரிகள் பேசினதை யாரோ ஒட்டுக்கேட்டுச் சொல்லியிருக்கா."

நூர்வாலா. இரைச்சலுக்கு நடுவே மூன்று முறை கேட்டு, சரிபார்த்து, அவள் எழுதி அனுப்பிய பெயர் அது.

"அந்தப் புண்ணியவான் நன்னா இருக்கணும்!" ஜெயஸ்ரீ விம்மினாள். "அவர் ஆத்துக்காரி தீர்க்க சுமங்கலியா இருக்கணும்! நாளைக்கே கபாலி கோவில்ல அவர் பேருக்கு அர்ச்சனை பண்றேன்."

"பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. எப்படிப் பண்ணுவே?" என்று சிரித்தான் அஸ்வத்.

யாரும் அழைக்காமலேயே வைதேகி கூடத்துக்கு வந்து, அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

"ரோகிணின்னு சொல்லு, ஜெயஸ்ரீ."

"அது உங்க நட்சத்திரமாச்சே!" ஜெயஸ்ரீயின் முகம் சுருங்கியது. "அவர் தீர்க்காயுசா இருக்கணும்னு பண்றது. வேண்டாம்க்கா. சாமி பேருக்கே பண்ணிடறேன்."

வைதேகி உள்ளே போகவில்லை. அஸ்வத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடப்புருவத்தின் மேல் ஒரு சிறு தழும்பு. அவ்வளவுதான்.