கட்டில் பக்கத்துக் குழாய்

மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடப் போகிறேன் என்றதும், எனக்கு வயதான காலத்தில் பணத்தாசை பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிடப் பணத்தாசைக்காரன் என்ற பெயர் எவ்வளவோ மேல்.

நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் சம்பந்தம். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை நான் நுழையாத வீடு குறைவு. நுழைந்த எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, சேலையூரில் சொந்த வீடு கட்டியபோது உட்காருவதற்கென்றே பெரிய ஹாலாகக் கட்டினேன். அதில் உட்கார ஆள்தான் இல்லாமல் போயிற்று.

என் மனைவி ஜெயக்கொடி மகளின் பிரசவத்துக்காக வடக்கே பிலாய்க்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்தது. அதற்குள் இன்னொன்றும் பிறந்துவிட்டது. மகளுக்கும் வேலை, மாப்பிள்ளைக்கும் வேலை. இவள் இல்லாவிட்டால் அங்கே அடுப்பு எரியாது. நானும் ஒரு தடவை போய் இருந்து பார்த்தேன். அந்தச் சின்ன க்வார்ட்டர்ஸில் நான் நாற்காலி போட்ட இடமெல்லாம் யாராவது நடக்கிற வழியாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மனைவி இறந்துபோனவனிடம் ஊர் வந்து துக்கம் கேட்கும். பேரப்பிள்ளைகளை வளர்க்கப் போனவளின் புருஷனிடம், "நீங்க குடுத்து வச்சவர் சார், ஒரு பிக்கல் பிடுங்கல் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவரோடு நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவர் ஏன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருப்பார்.

மாடி எழும்பியது 1988-இல். பிளம்பர் வேலைக்கு வந்தவன் குப்புராஜ். தாம்பரம் பக்கத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. அவரவர் வீட்டுத் தண்ணீர் அவரவர் மனையிலேயே போய்ச் சேர வேண்டும். கக்கூஸ் குழாய் தனியாக வெளிச்சுவரில் இறங்கி செப்டிக் டேங்குக்குப் போகட்டும் என்று அவனும் நானும் ஒத்துப்போய்விட்டோம். தகராறு வந்தது குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு.

"இதையும் அதே சொவுத்துல வுட்டுடலாம் சார். வெளியவே எறங்கி, சேம்பர் தொட்டியில வந்து, தென்னமரத்துக்குப் போய்க்கினே இருக்கும்" என்றான்.

"வேணாம். உள்ளே விடு. ஹால் மூலையில, என் கட்டில் பக்கத்துல இறங்கட்டும்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னா சார் சொல்றீங்க? மேல குளிக்கிற அழுக்குத் தண்ணி ஒங்க தலமாட்டுல எறங்கணுமா?"

"வெயில்ல பிளாஸ்டிக் குழாய் வெடிச்சிடும்ப்பா. உள்ளேன்னா ஆயுசு ஜாஸ்தி."

"அப்ப வார்ப்பிரும்பு போடலாமே. மொத்தமா இருக்கும், சத்தமே வராது. சணல் வச்சி ஈயம் காச்சி ஊத்திட்டேன்னா ஒங்க பேரன் காலம் வரைக்கும் அசையாது. இந்த பிவிசி பைப்பு தடதடன்னு கத்தும் சார். தூங்க வுடாது. பேஜாராப் பூடும்."

"பிவிசியே போடு" என்றேன்.

கீழே வளைகிற இடத்திலும் அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. முழங்கை மாதிரி மடங்கின ஒரே எல்போ போட்டால் தண்ணீர் வந்து மோதிச் சத்தம் போடுமாம். இரண்டு அரை வளைவுகளைச் சேர்த்து ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். "எல்போவே போடு" என்றேன். அவன் அதற்குமேல் வாதாடவில்லை. கஞ்சன் என்று நினைத்திருப்பான். குழாய் முனையை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, முறுக்கி ஒட்டினான். மேலே குளியலறையில் நாற்றம் ஏறாதபடி நானி ட்ராப் என்கிற வடிகால் கிண்ணத்தைச் சரியான மட்டத்தில் உட்கார வைத்தான். சரிவு கொடுத்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கடைசியில் மேலேயிருந்து ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்தான். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். தடதடவென்று மேலிருந்து ஒரு ஆள் ஓடிவந்து இறங்கியது போல இருந்தது. எனக்குப் போதும் என்று கத்தினேன்.

குடிவந்தவர்கள் லாசரஸும் அவன் மனைவி தபீதாளும், அவர்களின் கைக்குழந்தையும். லாசரஸுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். இதற்கு முன்பு அவர்கள் பல்லாவரத்தில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் காலை எட்டு மணிக்கெல்லாம் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேலே இரண்டு பக்கெட்டுக்கு மேல் செலவானால் படியேறி வந்துவிடுவாராம். அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே தபீதாள் சொன்னாள், "சார், நாங்க தண்ணி ரொம்ப சிக்கனமாத்தான் புழங்குவோம்."

"தாராளமா புழங்கும்மா" என்றேன். எந்த வீட்டுக்காரரும் முதல் நாள் அப்படித்தான் சொல்வார் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அதன்பிறகு கொஞ்ச காலம் நான் நன்றாக இருந்தேன். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விடியும் முன்னே லாசரஸ் குளிப்பான். மடமடவென்று நாலு சொம்பு, அவசரக் குளியல். அந்தச் சத்தத்தில் நானும் எழுந்துவிடுவேன். அரிசி களைந்த தண்ணீர் மெல்லிசாகச் சலசலத்து இறங்கும். அப்போது நானும் உலை வைப்பேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு வரும். இடையில் குழந்தை அழுவதும் குழாய் வழியாகவே கேட்கும். பாத்திரம் கழுவுகிற நேரம் நான் சாப்பிட்டு முடித்த தட்டோடு எழுந்திருப்பேன். தனியாகச் சாப்பிட்டேன் என்ற எண்ணமே வராது. சனிக்கிழமை துணி துவைக்கிற நாள், குழாய்க்கு ஓய்வே கிடையாது. அன்றைக்கு நான் கடைத்தெருப் பக்கம்கூடப் போகமாட்டேன்.

ஜெயக்கொடிக்கு எழுதும்போது, குடித்தனக்காரர்கள் நல்ல மாதிரி என்று மட்டும் எழுதினேன். அவள் பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன் என்று பதில் போட்டாள். எல்லாப் பொங்கலுக்கும் அப்படித்தான் போடுவாள்.

வினை என் வாயால்தான் வந்தது. ஒருநாள் சாயந்திரம் வாசல் கேட் அருகே லாசரஸ் சைக்கிளோடு வந்தான். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. மனிதனோடு மனிதன் பேசுவதற்கு எனக்கு வேறு என்ன விஷயம் இருக்கிறது?

"இன்னிக்கு உங்க குளியல் லேட் போலிருக்கே?" என்றேன்.

அவன் நின்றுவிட்டான். "கீழே சத்தம் கேக்குதா சார்?"

"கேக்காம? என் கட்டில் பக்கத்துலதானே குழாய் வருது. நீங்க அரிசி களையறதுகூடக் கேக்கும்." சந்தோஷமாகத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

வாடகை வீட்டில் பழகியவனுக்கு வீட்டுக்காரரின் சிரிப்பு எந்த மாதிரிச் சிரிப்பு என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவன், "ஸாரி சார்" என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

மறுநாள் விடிந்து வெயில் ஜன்னலில் ஏறிய பிறகுதான் நான் எழுந்தேன். குழாயில் ஒரு சத்தமும் இல்லை. ஊருக்குப் போய்விட்டார்களா என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தபீதாள் வெளிப்படிக்கட்டில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். தென்னைமரத்தடியில் கொட்டினாள். மறுபடி மேலே போய் இன்னொரு பக்கெட் கொண்டுவந்தாள். குளிக்கிற தண்ணீரைப் பெரிய பேசினில் பிடித்து, அதை மொண்டு சுமந்துகொண்டு வருகிறாள். பாத்திரங்களையும் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கிணற்றடியில் கழுவினாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"தென்னைக்கு நல்லது சார்."

"குழாய்ல விட்டாலும் தென்னைக்குத்தான்மா போகுது."

"பரவால்ல சார், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

நீ மேலேயே ஊற்று என்று சொன்னேன், ஒருமுறை அல்ல, பலமுறை. சொல்லச் சொல்ல அவளுடைய மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. வீட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சொல்கிறார், நாம் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? என் ஹாலில் உட்கார்ந்தால் காதில் அடைத்த மாதிரி இருந்தது. இரண்டு வேளைச் சமையலை ஒருவேளையாக்கினேன். சில நாள் அதுவும் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்த லாசரஸ் கையோடு குப்புராஜையும் கூட்டிக்கொண்டு என் வாசலில் நின்றான். பின்னால் படியில் தபீதாள், இடுப்பில் குழந்தை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. குழாயை வெளிச்சுவருக்கு மாத்திடலாம். செலவு எங்களோடது. எங்களால உங்க தூக்கம் கெடக் கூடாது."

"நான் அப்பவே படிச்சிப் படிச்சிச் சொன்னேன் சார்" என்றான் குப்புராஜ். "நீங்கதான் கேக்கல."

"ஒண்ணும் மாத்த வேணாம்" என்றேன்.

லாசரஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அப்ப நாங்க வேற வீடு பாத்துக்கறோம் சார். இவளால இனிமே பக்கெட் தூக்க முடியாது. இடுப்பு வலிங்கறா. கோவிலம்பாக்கத்துல ஒரு வீடு இருக்கறதா சொன்னாங்க."

அவர்கள் போய்விடுவார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தூக்கம் கெடலைப்பா. அந்தச் சத்தத்துக்காகத்தான் குழாயை உள்ளே விடச் சொன்னேன். மேல ஆளுங்க இருக்காங்கன்னு தெரியணும், அவ்வளவுதான். நீங்க எழுந்தா நானும் எழுந்துக்குவேன். நீங்க உலை வச்சா நானும் வைப்பேன். எனக்கு எல்லாம் அத்துப்படி. தண்ணி விழறத வச்சே யார் குளிக்கறாங்கன்னுகூட எனக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் தபீதாளின் முகத்தைப் பார்த்தேன். அவள் குழந்தையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். குப்புராஜ் தன் பையைக் குனிந்து துழாவ ஆரம்பித்தான். லாசரஸின் காது சிவந்திருந்தது.

ஒரு பெண் குளிக்கிற சத்தத்தை, கீழே ஒரு கிழவன் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். அவர்களுக்கு அது அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி இருக்க முடியும்? எனக்கு அந்த நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை என்று சத்தியம் செய்தாலும், செய்யச் செய்ய அசிங்கமாகத்தான் போகும். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"குப்புராஜ், வெளியே மாத்திடு" என்றேன். "வார்ப்பிரும்பே போடு. செலவை நான் பாத்துக்கறேன்."

வேலை நடந்தபோது நான் வீட்டில் இருக்கவில்லை. தாம்பரம் சானடோரியம் வரை நடந்து போய், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஹால் மூலையில் புதுச் சிமெண்ட் ஈரமாக இருந்தது. குப்புராஜ் சொன்னது சரிதான், வார்ப்பிரும்பில் ஒரு சத்தமும் வரவில்லை. மாடியில் தாராளமாகத் தண்ணீர் புழங்கினார்கள் என்று நினைக்கிறேன். பக்கெட் இறங்கி வரவில்லை. வேறு வீடும் பார்க்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் தபீதாள் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் அவள் இறங்கி வருகிற நேரத்தில் பின்பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினாள். கோயிலுக்குப் போன புடவையை இன்னும் மாற்றவில்லை. மேலேயிருந்து மசாலா வறுக்கிற வாசனை வந்தது. நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அதற்கு அவள் எவ்வளவு தைரியம் வரவழைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"சார், இன்னிக்கு நீங்க எங்களோட சாப்பிடணும். பாப்பாவோட அப்பாதான் கூட்டினு வரச் சொன்னார். மேல வாங்க சார்."

இப்போது வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறார்கள் என்ற எரிச்சலும் கூடவே வந்தது.

"சாப்பிட்டாச்சும்மா" என்றேன்.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. என் அடுப்பு பற்றவைக்காமல் கிடப்பது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். ஆனால் அவள் நல்ல குடித்தனக்காரி. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மறுவார்த்தை பேசமாட்டாள்.