ஒரு நோட்டு, இரண்டு கையெழுத்து

பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடுகள் அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அவள் ஆபீஸ் அக்கா. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கூடுதல் நிதி வந்தபோது, அந்த முப்பது பேரின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். தெரிந்தவர் தேடினால் மட்டுமே கண்ணில் படும் புள்ளி.

அந்த நிதியில் கணக்குக்கு ஒரு சிறப்பு வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து ஒரு டீச்சர் வியாழக்கிழமை மாலை மட்டும் வந்து நடத்துவார். முப்பது பேரில் பாதிக்கு மேல் வந்ததில்லை. மாத முடிவுக்குள் காரணம் சொல்லாவிட்டால் வகுப்பு நிறுத்தப்படும் என்று நிதி கொடுப்பவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடச் சொன்னார் பிரின்சிபால். அவளுக்குக் கை ஓடவில்லை. மற்ற நாட்களில் ஒழுங்காக வரும் பிள்ளைகள் வியாழன் மட்டும் எங்கே போகிறார்கள்? அன்று காலையிலிருந்தே அவர்கள் பள்ளியில் இல்லை.

இரண்டு வகுப்புப் பதிவேடுகளை அருகருகே வைத்தபோது அக்கா, தங்கை இருவரின் வரிசை கண்ணில் பட்டது. ஒரு வியாழன் அக்கா இல்லை. அடுத்த வியாழன் தங்கை இல்லை. ஒரு வாரம்கூடப் பிசகவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாள். தலைவலி என்றாள் பெண்.

"ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் உன் தங்கச்சிக்கு. தலைவலிக்கு டைம்டேபிள் போட்டுக் குடுத்தது யாரு?"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. பையிலிருந்து சிறப்பு வகுப்பு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரே நோட்டு. ஒரு வாரம் உருண்டை எழுத்து, அடுத்த வாரம் சாய்ந்த எழுத்து. சாய்ந்த எழுத்தின் ஓரத்தில், "இது எனக்குப் புரியல, நீ மிஸ்கிட்ட கேளு" என்று ஒரு குறிப்பு. மறு வாரம் அதன் கீழே உருண்டை எழுத்தில் விடை.

அந்த வியாழன் அவள் வாசலில் போய் நின்றாள். வியாழன்தோறும் விளையாட்டு நாள் என்பதால் எல்லார் காலிலும் வெள்ளை ஷூ. வாட்ச்மேன் கால்களைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். வெள்ளை இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்பது உத்தரவு என்றார். தங்கை மட்டும் வந்தாள். ஷூ பெரிது, நடக்கும்போது குதிகால் தனியாக எழுந்தது. முனையில் துணி திணித்திருப்பது உப்பலில் தெரிந்தது.

அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே ஜோடி வெள்ளை ஷூதான் என்ற விஷயத்தைக் கேட்ட பிரின்சிபால், நிதியில் முப்பது ஜோடி வாங்கிவிடலாம் என்றார்.

"வாங்கலாம் சார். ஆனா ஒரே நாள்ல முப்பது பேர் கால்ல ஒரே மாதிரி புது ஷூ. நான் பென்சில்ல வச்ச புள்ளிய நாமளே பெயின்ட்ல வச்ச மாதிரி ஆயிடும்."

வெள்ளை ஷூ விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொன்னார் பிரின்சிபால். சுற்றறிக்கைக் கட்டில் அரை நாள் தேடி எடுத்து வந்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய ஆண்டு விழா அணிவகுப்புக்காகப் போட்டது. விழா முடிந்தது, விதியை யாரும் முடிக்கவில்லை. கீழே இருந்த தன் கையெழுத்தை அவர் கொஞ்ச நேரம் வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"அக்கறை இல்லன்னு எழுதச் சொன்னேன்ல. யாருக்குன்னு மாத்தி எழுதும்மா."

வெள்ளை ஷூ தேவையில்லை என்று அன்றே அறிவிப்பு ஒட்டினார்கள். நோட்டின் நான்கு பக்கங்களை, அக்காவிடமும் தங்கையிடமும் கேட்டுக்கொண்டு, பெயர் தெரியாமல் நகலெடுத்துக் கடிதத்தோடு அனுப்பினாள். அடுத்த பருவம்வரை வகுப்பு நடக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது.

மறு வியாழன் மாலை அவள் வகுப்பறை ஜன்னலோரம் நின்றாள். இருபத்தேழு பேர் இருந்தார்கள். அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சில். தங்கை தன் அளவிலான பழைய கறுப்பு ஷூவில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் அந்த நோட்டு. டீச்சர் போர்டில் எழுதத் தொடங்கியதும் இருவர் கைகளும் ஒன்றாக அதன்மேல் போயின.

"போன வாரம் நீதானடி எழுதின," என்றாள் அக்கா. "இன்னைக்கு என் வாரம்."