குறிப்பு இல்லாத இருபது

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: குறிப்பம்மா. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மருத்துவமனைகளுக்குக் கட்டில் செய்து விற்கும் கம்பெனி எங்களுடையது. அடுத்த வருடம் எத்தனை கட்டில் போகும், எவ்வளவு இரும்பு வாங்க வேண்டும் என்று கணித்துக் கொடுப்பது நிதிப் பிரிவில் என் வேலை. அதில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். நாளை நடக்கப்போவதைப் பற்றி எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். என்ன நடக்கும் என்று நம்பி இந்த எண்ணைப் போட்டாய்? அதைச் சொல்லாத தாளை நான் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். கண்ணீரோடு போனவர்களும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை டைரக்டர் கூப்பிட்டார்.

"நம்ம நிதித் தலைவர் இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு பெறுறார். அந்த இடம் உங்களுக்குத்தான்னு நான் சொல்லுவேன். ஆனா போர்டுல மேற்படிப்பு இருக்கான்னு கேப்பாங்க. ஆன்லைன்ல எத்தனையோ இருக்கே, ஒண்ணைத் தேர்ந்தெடுத்து திங்கக்கிழமை சொல்லுங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே காரணத்தைச் சொல்லி வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து என் தலைமேல் உட்கார வைத்தார்கள். கட்டிலுக்கு எத்தனை கால் என்பதையே நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு முறை அதை என்னால் தாங்க முடியாது. எனக்கு நாற்பத்தொரு வயது.

சனிக்கிழமை முழுக்க ஃபோனில் ஒருவர் என்னை விடவில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆலோசகராம். நாக்கில் தேனைத் தடவிக்கொண்டு பேசினார்.

"உங்க வசதிதான் மேடம் எங்க நேரம்."

"நேரலை வகுப்பு என்னிக்கு?"

"ஜனவரியிலேருந்து செவ்வாய், வியாழன், சனி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"ஒரு வாரம் வரலைன்னா?"

"வந்துடுவீங்க மேடம்" என்றார்.

என் வசதி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்காமல் அவர் படுத்திருப்பார். கால் சுருட்டிப் பிடிக்கும்போது அழுத்திவிட நான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். நான்காவது டம்ளரை எப்போதும் என்னிடம் கடன் கேட்பதுபோல் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஓர் அட்டவணை போட்டேன். டெண்டர் ஒப்பிடுவதுபோல்தான். எத்தனை வருடம், பட்டத்துக்கு என்ன மதிப்பு, தேர்வு எப்படி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். தேன்குரல்காரருடைய பல்கலைக்கழகம் முதலிடத்தில் வந்தது. பெரிய பெயர், இரண்டே வருடம், டைரக்டருக்கும் பிடிக்கும். மூன்றாவது படிப்பு கடைசியில் கிடந்தது. பதிவு செய்த பாடம், ஐந்து வருடம் வரை இழுக்கலாம், ஆனால் அவ்வளவாகப் பெயர் இல்லாத இடம். அச்செடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் டியூட்டி சார்ட் போட்டவர் அவர். எந்த டிரைவர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதிய கை. கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் அவருக்கு விடவே மனம் வராது.

"எல்லாத்துக்கும் குறிப்பு எழுதியிருக்க. இங்க மட்டும் காணோமே" என்றார்.

அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். படிக்கக் கிடைக்கும் நேரம் என்ற வரி. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஜனவரியிலிருந்து இருபது.

"அது வந்து, வேலை கொஞ்சம் குறையும்னு போட்டேன்பா."

"எந்த வேலை?"

அவர் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் கூட்ட ஆரம்பித்தார்.

"பதினாலு மணி நேரம் கூடியிருக்கு. செவ்வாய் நாலு, வியாழன் நாலு, சனி நாலு. பன்னெண்டு ஆச்சா? போக வர ரெண்டு."

பென்சிலைக் கீழே வைத்தார்.

"டாக்டர் உங்கிட்ட சொன்னாரா?"

சொல்லியிருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, இந்த வருடக் கடைசியைத் தாண்டுவது சிரமம் என்று போன மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் சொல்லாமல் ஒரு மாதம் அதைக் காத்தேன். டாக்டர் பேச்சு வந்தாலே பேச்சை மாற்றினேன். அத்தனையும் செய்துவிட்டு, ஓர் எண்ணில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் குறிப்பு எங்கே என்று கத்துகிறவள், என் தாளில் எழுதாமல் விட்ட குறிப்பு அது. வேண்டுமென்று மறைக்கவும் இல்லை. இருபது என்று அடிக்கும்போது என் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"ஒரு டிரைவர் ரிட்டையர் ஆகப்போறான்னா, கடைசி நாள் வரைக்கும் அவன் பேரு சார்ட்ல இருக்கும்" என்றார் அப்பா. "முன்கூட்டியே கோடு போட்டு அடிக்க மாட்டோம்."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் தட்டைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். பசிக்கவில்லை என்றார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

நான் லேப்டாப்பில் அட்டவணையை மறுபடி திறந்தேன். இருபதை அழித்துவிட்டு எல்லாப் பருவத்துக்கும் ஆறு என்று மாற்றினேன். முதலிடத்திலிருந்த படிப்பு கடைசிக்குப் போய் விழுந்தது. அதை முதலிடத்துக்குக் கொண்டுபோனது அந்த ஒரே எண்தான்.

நான்கு மணிக்கு அப்பா வெளியே வந்தார். எதிரில் உட்கார்ந்து திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதுவும் பொய்தானே?"

"எதுப்பா?"

"கடைசி வரைக்கும் ஆறு மணி நேரம்னு போட்டிருக்க. நான் என்ன கல்வெட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அப்ப என்னதான்பா போடுறது?"

"தெரியலைன்னு போடு."

"அது ஒரு எண் இல்லப்பா."

"யாருக்குக் காய்ச்சல் வரும், யார் வண்டி நடுரோட்டுல நிக்கும்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா இருந்துச்சு? தெரியாமதான் முப்பது வருஷம் பஸ் ஓடுச்சு. இந்த மூணுல எது நடுவுல நிறுத்தினா வெளிய தள்ளாது?"

மூன்றாவதைக் காட்டினேன். படிக்கும்போது இரண்டு முறை, ஒவ்வொரு பருவம் நிறுத்திவைக்கலாம் என்று அதன் விதியில் இருந்தது. எனக்குத் தேவைப்படாது என்று அதற்கு நான் மதிப்பெண்ணே போட்டிருக்கவில்லை.

"இதுல சேரு."

"டைரக்டருக்குப் பிடிக்காதுப்பா. ரெண்டு வருஷத்துல முடியுமான்னும் தெரியாது. முடியலைன்னா அந்த நாற்காலி போயிடும்."

"போனாலும் போகலாம்" என்றார். கொஞ்ச நேரம் தன் கையில் ஊசி ஏறும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் போயிடுவேன்னு நீ போட்டது பரவாயில்ல. நடக்குறதுதானே. ஆனா நான் போன மறு வாரமே பதினாலு மணி நேரமும் உக்காந்து படிப்பேன்னு போட்டிருக்க பாரு. அதுதாம்மா வலிச்சுது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மிச்சமிருந்த இரண்டு டம்ளரையும் அவர் கேட்காமலே கொண்டுவந்து வைத்தேன்.

திங்கட்கிழமை டைரக்டரிடம் மூன்றாவதைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "உங்க முடிவு" என்றார். இரண்டு வருடத்தில் முடியாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

ஜனவரி வந்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கிடைத்தது. என் கணிப்பு தவறியதற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, இயர்ஃபோனில் ஒன்றை என் காதிலும் மற்றதை அவர் காதிலும் மாட்டிப் பாடம் கேட்போம். நாளை வரப்போகும் பணத்துக்கு இன்றைய மதிப்பு என்ன என்று பேராசிரியர் விளக்குவார். பத்தாவது நிமிடத்தில் அப்பா தூங்கிவிடுவார். "இவ வாத்தியாரை இங்க வேலைக்கு வச்சா மயக்க ஊசியே வேண்டாம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

மே மாதம் இரண்டாவது வாரம், ஒரு விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருபது மணி நேரம் சரியாகக் கிடைத்தது. ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்து மணி நெருங்கினால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். எங்கே போகிறோம் என்பது அப்புறம்தான் உறைக்கும். மூன்று வாரம் அப்படி நின்றேன்.

பிறகு படிப்பை நிறுத்திவைக்கும் விண்ணப்பத்தைத் திறந்தேன். மீண்டும் தொடங்கும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. செப்டம்பர் ஒன்று என்று போட்டேன். கீழே குறிப்பு என்று இன்னொரு கட்டம், விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பலாம். நான் குறிப்பம்மா, அதைக் காலியாக விட என்னால் முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் செருப்பு மாட்டுவது அதற்குள் நின்றிருக்கும் என்ற நம்பிக்கையில் இந்தத் தேதி, என்று எழுதி அனுப்பினேன்.